மெதுவான வீட்டு லேப்டாப்: வருடக் கணக்கில் பலன் தருவது எது, ஒரே வாரத்தில் பழையபடி ஆவது எது

இன்டெல் ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை ஐ3 சிப், 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5400 சுற்று ஓடும் 1 டிபி ஹார்டு டிஸ்க். 2016 முதல் 2018 வரை வீட்டு உபயோகத்துக்கென்று விற்ற லேப்டாப்களில் நிறைய இந்த வகைதான். இன்றும் பல வீடுகளில் கரண்ட் பில் கட்டவும், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் அடிக்கவும், குடும்பப் போட்டோக்களைச் சேர்த்துவைக்கவும் இவை இருக்கின்றன. பவர் பட்டனை அமுக்கிவிட்டு டிகாஷன் இறக்கிக்கொண்டு வந்தாலும் டெஸ்க்டாப்பில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்வார்கள். செய்த அன்றைக்கு எல்லாமே வேகமாகத்தான் தெரியும். ஆறு மாதம், இரண்டு வருடம் கழித்தும் எது நிற்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இடம் இல்லாததும் வேகம் இல்லாததும் வேறு வேறு கோளாறு. 150 ஜிபி சி டிரைவில் 60 ஜிபி காலியாக இருந்தால், அதை 100 ஆக்கினாலும் கம்ப்யூட்டர் ஒரு நொடி கூட முந்தாது. காலி இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போகும்போதுதான் இரண்டும் சேர்ந்துகொள்ளும்: அப்டேட் பாதியில் நிற்கும், ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் வளர இடமிருக்காது, புதிய கோப்புகள் ஹார்டு டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறும். பல வீடுகளில் டி டிரைவ் முக்கால்வாசி காலியாகவும் சி மட்டும் சிவப்பாகவும் கிடக்கிறது. கடையில் 100 ஜிபியை மட்டும் சி டிரைவுக்கு ஒதுக்கி மிச்சத்தை டி டிரைவுக்குத் தள்ளியதன் பலன் அது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைப் பெரிதாக்கலாம் என்றால், அதற்கு வலப்பக்கம் ஒட்டியபடி ஒதுக்கப்படாத இடம் இருந்தால்தான் முடியும். நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் 'எக்ஸ்டெண்ட்' மங்கலாகவே இருக்கும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போல்டர்களை டிக்கு மாற்றுவது சுலபம். போல்டர்மேல் ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், லொகேஷன், மூவ். டியில் ஒவ்வொன்றுக்கும் தனிப் போல்டர் உருவாக்கி அதைக் காட்ட வேண்டும். டி டிரைவையே நேராகக் காட்டினால் பின்னால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

எதில் கைவைப்பதற்கும் முன்னால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஆன் செய்து பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பது முக்கியம், முதல் ஐந்து நிமிடம் எல்லாக் கம்ப்யூட்டரும் மூச்சு வாங்கும். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டி, படிக்கும் எழுதும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் என்றால் நோய் தெளிவு. பெரிய வீடியோ ஒன்றைக் காப்பி செய்யும்போது நொடிக்கு 100 எம்பி கொடுக்கும் அதே டிஸ்க், ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும்போது திணறும். 5400 சுற்று டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். ரீட் ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால் நொடிக்கு 60, 80 தடவைக்கு மேல் இடம் மாறிப் படிக்க முடியாது. விண்டோஸ் கிளம்புவதும் குரோம் திறப்பதும் முழுக்க இந்த மாதிரி வேலைதான்.

மெமரி 90 சதவீதத்தை ஒட்டியே நின்றால் ரேம் போதவில்லை. டிஸ்கும் மெமரியும் அமைதியாக இருந்தும் எல்லாம் ஊர்ந்தால், சிபியூ பக்கத்தில் கிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். வேலை கொடுத்தும் அது 0.4 அல்லது 0.79லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சார்ஜர் ஒரிஜினலா, போதிய வாட் தருகிறதா என்று லேப்டாப்பால் அடையாளம் காண முடியாவிட்டால், சில மாடல்களில் பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) தானாகவே சிப்பின் வேகத்தைக் கீழே இறக்கிவிடும். சார்ஜர் பின்னின் நடு ஊசி வளைந்ததோ ஒடிந்ததோ கூடக் காரணமாகலாம். இது தெரியாமல் விண்டோஸை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. ஓட ஓட வேகம் குறைந்து, விசிறி அலறினால் ஹீட் சிங்கில் தூசி அடைத்திருக்கிறது. ஊதிச் சுத்தம் செய்து புது தெர்மல் பேஸ்ட் வைக்க வேண்டும்.

இன்னொன்று, அதே சிபியூ பக்கத்தில் 'அப் டைம்' என்று இருக்கும். தினமும் ஷட் டவுன் செய்தும் அது பதினைந்து நாள் என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்லை. ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும்.

இடம் பிடிப்பவற்றைக் கண்டுபிடிக்க விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு போல்டராக நுழையாமல் டிரைவின் கோப்பு அட்டவணையை நேராகப் படிப்பதால் ஹார்டு டிஸ்கிலும் ஒரு நிமிடத்துக்குள் கணக்கு வந்துவிடும். வழக்கமாக அகப்படுபவை சில. பெரிய அப்டேட்டுக்குப் பின் 'விண்டோஸ்.ஓல்டு' 20 ஜிபிக்கு மேல் பிடித்திருக்கும். பத்து நாளில் அதுவே போய்விடும், போகாவிட்டால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக நீக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெட்டியும் நிற்கும். எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கும் வேகத்தில் அதற்கும் அடித்தால் ஆதார் பிடிஎஃப், மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாம் ரீசைக்கிள் பின்னைக் கூடத் தொடாமல் போகும். ஐபோன் வைத்திருப்பவர் வீட்டில் பழைய ஐடியூன்ஸ் பேக்கப் ஒன்றே 30, 40 ஜிபி இருக்கலாம். டெலிகிராம் டெஸ்க்டாப்புக்கு செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் லோக்கல் ஸ்டோரேஜ் அளவைக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. வாட்ஸப் கோப்புகள் ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ் என்ற மறைந்த போல்டருக்குள் சேரும். அங்கே அழிப்பதைவிட ஆட்டோ டவுன்லோடை நிறுத்துவதுதான் நிரந்தர மருந்து. இல்லையேல் குட்மார்னிங் படங்கள் மூன்று மாதத்தில் மறுபடி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தொடக்கூடாதவையும் உண்டு. விண்டோஸ் தன் உறுப்புகளைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் போல்டர் 10 ஜிபிக்கு மேல் என்று காட்டும். அதில் பெரும்பகுதி வேறு இடத்தில் உள்ள கோப்புகளையே இரண்டாம் முறை எண்ணுவது. கையால் அழித்தால் விண்டோஸ் கிளம்பாமல் போகும். டிஸ்க் கிளீனப்பில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்தால் அதுவே கழிக்க வேண்டியதைக் கழிக்கும். பேஜ் ஃபைலை அணைப்பது 4 ஜிபி ரேம் உள்ள கருவியில் தற்கொலை. ஹைபர்னேட் கோப்பு (அணைக்கும்போது ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதி வைக்கும் இடம்) ரேமில் 40 சதவீத அளவு இருக்கும். அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்' என்று அடித்தால் அது போய்விடும், கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும். எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்கில், அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்கில் கிளம்பும் நேரம் கூடும். ஆகவே ஒன்றரை ஜிபிக்கு ஆசைப்பட்டு ஹார்டு டிஸ்க் கருவியில் இதைச் செய்ய வேண்டாம்.

காசில்லாத வழிகளில் நிலைத்து நிற்பவை இரண்டு, மூன்றுதான். ஸ்டார்ட்அப் பட்டியலில் 'ஹை' என்று இருக்கும் தேவையற்றவற்றை நிறுத்துவது. லேப்டாப்போடு வந்து காலாவதியான ட்ரையல் ஆன்டிவைரஸை நீக்குவது (விண்டோஸ் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும், இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே கோப்பை மாறி மாறிப் படிக்கும் கொடுமை தீரும்). குரோம், எட்ஜ் இரண்டிலும் மூடிய பிறகு பின்னணியில் ஓடும் வசதியை அணைத்து, மெமரி சேவரை ஆன் செய்வது. அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கும் சிஸ்மெயின் சர்வீஸை நிறுத்துவது ஹார்டு டிஸ்கும் 4 ஜிபி ரேமும் உள்ள கருவிகள் சிலவற்றில் உதவுகிறது, எல்லாவற்றிலும் இல்லை. டெம்ப், ப்ரீஃபெட்ச் போல்டர்களை வாரா வாரம் அழிப்பது வீண் வேலை. ப்ரீஃபெட்ச்சை அழித்தால் அடுத்த தடவை மென்பொருள்கள் இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர் பக்கம் போகவே வேண்டாம். 2017ல் சிகிளீனர் என்ற பிரபல கிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே ஹேக்கர்கள் மால்வேரை நுழைத்து, இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் அது போய்ச் சேர்ந்தது நினைவிருக்கலாம்.

இவ்வளவும் செய்தால் கிளம்ப எடுக்கும் மூன்று நிமிடம் இரண்டாகும். மூன்று நிமிடத்தை இருபது நொடியாக்குவது எஸ்எஸ்டி ஒன்றுதான். 2.5 அங்குல, 7 மில்லிமீட்டர் சாட்டா (ஹார்டு டிஸ்குக்கான அதே இணைப்பு) எஸ்எஸ்டி இந்த லேப்டாப்கள் எல்லாவற்றிலும் பொருந்தும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர் வேண்டும். குச்சி வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை இருந்தாலும் அது சாட்டாவை மட்டும் ஏற்குமா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையையும் ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெயர் தெரியாத '2 டிபி, அடிமாட்டு விலை' எஸ்எஸ்டிகளுக்குள் மெமரி கார்டை ஒட்டி வைத்து விற்கிறார்கள். சந்தேகமிருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

டிவிடி டிரைவைக் கழற்றிய இடத்தில் கேடி (டிஸ்கைப் பொருத்தும் சட்டம்) வைத்து இரண்டு டிஸ்கையும் உள்ளேயே வைப்பதாக இருந்தால், எஸ்எஸ்டி மெயின் இடத்துக்கு, ஹார்டு டிஸ்க் கேடிக்கு. சில மதர்போர்டுகளில் டிவிடி இணைப்பின் வேகம் குறைவு. கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமனில் வருகிறது, அளந்துவிட்டு வாங்குங்கள். கழற்றும்போது எல்லா ஸ்க்ரூவும் போன பிறகும் மூடி வராவிட்டால் இழுக்காதீர்கள். ரப்பர் காலுக்கு அடியிலோ, டிவிடி டிரைவை உருவிய பிறகு தெரியும் இடத்திலோ இன்னும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்.

1 டிபி டிஸ்கை 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு குளோன் செய்வதில்தான் (அப்படியே நகலெடுப்பதில்தான்) பலர் மாட்டுகிறார்கள். உள்ளே 80 ஜிபிதான் இருக்கிறது என்றாலும் குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் சிறிய டிஸ்கைச் சாதாரண அமைப்பில் ஏற்காது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பும் 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. எஸ்எஸ்டி நிறுவனமே தரும் குளோன் மென்பொருள் இருந்தால் அது நல்லது. என் ஓட்டு புதிதாக விண்டோஸ் போடுவதற்குத்தான், ஐந்தாறு வருடக் குப்பையையும் புது டிஸ்குக்கு ஏற்றிக்கொண்டு போவானேன்? 8 ஜிபி பென் டிரைவ், மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் போதும். லைசென்ஸ் போர்டோடு சேர்ந்தது, கீ கேட்டால் இல்லை என்று சொல்லி அதே எடிஷனைத் தேர்ந்தெடுத்தால் நெட் வந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். வைஃபை டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் ரிகவரி கீயை எழுதி வைக்காமல் பழைய டிஸ்கைக் கழற்றக் கூடாது. இன்ஸ்டால் செய்யும்போது ஹார்டு டிஸ்க் இணைப்பில் இருக்கவே கூடாது. இருந்தால் விண்டோஸைக் கிளப்பும் பூட் லோடர் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், என்றோ ஒருநாள் அந்த டிஸ்க் செத்தால் எஸ்எஸ்டியும் சேர்ந்து கிளம்பாது.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு ஒரு கணக்கு: க்ரூஷியல் பிஎக்ஸ்500, 240 ஜிபி மாடலுக்கு நிறுவனம் சொல்லும் எழுதும் வரம்பு 80 டிபி. தினம் 20 ஜிபி எழுதினாலும் 4000 நாள், அதாவது பத்து வருடத்துக்கு மேல். நாள்பட நாள்பட உறுத்துவது வேறு விஷயம். டீரேம் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் தனி வேக மெமரி) இல்லாத மலிவு எஸ்எஸ்டிகள் 90 சதவீதம் நிரம்பினால் சோம்பல்படும். கல்யாண வீடியோ மாதிரி பெரிய கோப்பை ஒரே மூச்சில் ஏற்றினால் கேஷ் தீர்ந்ததும் ஹார்டு டிஸ்க் வேகத்துக்கே இறங்கும். 15, 20 சதவீதம் காலியாக விட்டு வைத்தால் இந்தத் தொல்லை குறையும். டிஃப்ராக் வேண்டாம்; 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திரையில் அது எஸ்எஸ்டி என்று சரியாகத் தெரிந்து, வாரம் ஒருமுறை தானாக ஓடினால் போதும்.

ரேமை 8 ஜிபி ஆக்குவது அடுத்த செலவு. டிடிஆர்3எல்லா டிடிஆர்4ஆ என்று பார்க்காமல் வாங்கினால் துளையிலேயே நுழையாது. டிடிஆர்3 என்றாலும் 1.35 வோல்ட் கேட்கும் போர்டில் 1.5 வோல்ட் குச்சி ஓடாமல் போகலாம். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி முதலில்.

இந்தச் செலவு தகுமா என்ற கேள்விக்கு விண்டோஸ் 10 ஒரு முட்டுக்கட்டை. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. ஏழாம் தலைமுறை வரையிலான சிப்புகளை, விதிவிலக்கான ஒரு சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. பிரவுசர், யூடியூப், லிப்ரே ஆபிஸ் என்ற அளவில் உபயோகமிருந்தால் அதே எஸ்எஸ்டியில், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாகவே ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகக் கிடைக்கும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 2011 முதல் வந்த ஆரம்ப காலக் கருவிகள், 2 ஜிபி ரேமோடு இருப்பவை, விண்டோஸ் 10க்குத் தாங்காது. அவற்றுக்கு லினக்ஸ் ஒன்றுதான் வழி. டேலி வேண்டுமென்பவர்களுக்கு விண்டோஸை விட்டு வெளியேற வழியில்லை.

கழற்றிய ஹார்டு டிஸ்கை யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல் சாகும், ஆகவே இது வேண்டும். அதற்கு முன் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் இரண்டு எண்களைப் பார்த்துவிடுங்கள்: ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), கரண்ட் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் திணறும் இடங்கள்). இரண்டாவது பூஜ்யம் இல்லையென்றால் அந்த டிஸ்கில் இருப்பதை உடனே வெளியே எடுத்துவிட்டு அதை ஒதுக்கிவிட வேண்டும்.