இடம் மாறியதும் மாறாததும்: இரண்டு சிறுவர் மர ரோலர்கோஸ்டர்கள்

அமெரிக்காவின் லிட்டில் டிப்பர், சீ டிராகன் இரண்டும் ரோலர்கோஸ்டர் கட்டும் பிலடெல்பியா டொபாகன் கம்பெனியின் பிள்ளைகள்தான். 1950-ல் ஹெர்பர்ட் ஷ்மெக் வடிவமைத்த டிப்பரின் உயரம் சுமார் 28 அடி. அது இருந்த கிட்டிலேண்ட் கேளிக்கைப் பூங்கா 2009-ல் மூடப்பட்டதும் அதைப் பிரித்து, 2010-ல் இல்லினாய் மாநிலத்தின் கர்னி ஊரிலுள்ள வேறொரு பூங்காவில் மறுபடி எழுப்பினார்கள். 1956-ல் ஜான் ஆலன் வடிவமைத்த சீ டிராகனோ, உரிமையாளர்கள் மாறியும் ஒஹாயோவில் அதே இடத்தில் ஓடுகிறது.

பழைய ரோலர்கோஸ்டரைக் காக்க எது நல்ல வழி? சரி, இடத்தோடு காப்பதே முதல் தேர்வு. தாத்தா ஏறிய இடத்திலேயே பேரனும் ஏறலாம். ஆனால் மர ரோலர்கோஸ்டரில் உளுத்த பலகைகளை அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். நிலைப்பது மரத்தைவிட, தடத்தின் வளைவும் சரிவும்தான். அதனால் பூங்காவே மூடும்போது இடமாற்றத்தைக் குறையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.