சாம்பிள் சாக்ஸபோனோடு நான்கு வருடம்: மூச்சை எங்கே வைப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுப் பின்னறையில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண விருந்தில் பாடுகிற குழுக்களுக்கு டிராக், திருவிழா நேரத்தில் பக்திப் பாட்டு, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்கு நடன இசை, இவைதான் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் "ஒரு சாக்ஸ் பிட் போட்டுடுங்க அண்ணே" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கத்ரி கோபால்நாத் ஆல்டோ சாக்ஸில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டிய பிறகு அது நம் வாத்தியம் போலவே ஆகிவிட்டது. 1994-இல் வந்த டூயட் படத்தில் அவர் வாசித்ததைச் சொல்லி, "அந்த மாதிரி வேணும்" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் ஈப்போ நகரத்திலிருந்து ஆளை வரவழைத்துப் பதிய பணம் பற்றாது. அதனால் நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு ஆல்டோ சாக்ஸ் சாம்பிள் லைப்ரரி வாங்கினேன், அதாவது அசல் ஆள் வாசித்த சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து, கீபோர்டில் வாசிக்கும்படி கணினிக்குத் தருகிற தொகுப்பு. அதோடு இத்தனை நாள் பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வருடம் நான் செய்ததெல்லாம் தப்பு. கீபோர்டில் வாசித்து, குவாண்டைஸ் செய்து (சுரங்களைத் தாளத்தோடு நேராக்கி), ரிவெர்ப் (எதிரொலி) போட்டுக் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு சுரமாகத் தனியாகக் கேட்டால் அருமையான நாதம், அசல் ஆள் வாசித்துப் பதிந்ததுதானே. வரியாகக் கேட்டால் பொம்மை. லைப்ரரி சரியில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன், அதுவும் அதே கதைதான்.

ஒரு நாள் பெரியப்பா வந்திருந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டே சாயங்காலத்தில் இசைக்குழுவில் டெனர் சாக்ஸ் வாசித்தவர், இப்போது பல் போய் வாசிப்பதில்லை. நான் செய்து வைத்திருந்த இடையிசையைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது தடவை கேட்டார். பிறகு, "தம்பி, இவன் எங்க மூச்சு எடுக்குறான்?" என்றார். திரையில் பார்த்தேன். 12 பார் (தாளக் கட்டம்) ஒரே ஓட்டமாகப் போயிருந்தது, நடுவில் ஒரு இடைவெளிகூட இல்லை. எனக்கு அன்றைக்குத்தான் புரிய ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் வாயால் பாடுகிறேன். போனில் பதிந்து கேட்டால், எந்த இடத்தில் நான் மூச்சு வாங்கினேனோ அந்த இடத்தில் சாக்ஸும் நிற்க வேண்டும். என் பாட்டுகளில் இது நான்கிலிருந்து எட்டு செகண்டுக்கு ஒரு தடவை வருகிறது. அந்த இடத்துக்கு முந்தைய சுரத்தைக் கொஞ்சம் முன்னதாகவே வெட்டிவிடுவேன். மின்விசிறியை நிறுத்தி, மழை இல்லாத நேரமாகப் பார்த்து (தகரக் கூரையில் மழை விழுந்தால் இங்கே எதையுமே பதிய முடியாது), நானே மூச்சை உள்ளே இழுத்துப் பதிந்து வைத்த எட்டுப் பத்துத் துண்டுகள் உண்டு. வரி ஆரம்பிப்பதற்குக் கால் செகண்டு முன்னால் அதில் ஒன்றை, சாக்ஸை விட 30 டெசிபல் குறைவாக, கேட்டும் கேட்காததுமாக வைப்பேன்.

இரண்டாவது விஷயம், ஒரு சுரம் தொடங்கிய பிறகு அதற்குள் என்ன நடக்கிறது என்பது. பியானோவில் கட்டையை அழுத்தியதோடு சத்தம் எப்படி இருக்கும் என்பது தீர்மானமாகிவிடுகிறது, வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகம்) ஒன்று போதும். சாக்ஸில் சுரம் தொடங்கிய பிறகுதான் ஊதுகிறவன் வேலையே. காற்றைக் கூட்டினால் சத்தம் மட்டும் கூடுவதில்லை, நிறமும் மாறுகிறது, மேல் ஹார்மோனிக்ஸ் (சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல் ஒலிகள்) எழும்பி ஒலி பளிச்சென்று வரும். அதனால் வால்யூமை மட்டும் ஏற்றி இறக்கினால் ரேடியோவைத் திருகுகிற மாதிரிதான் இருக்கும். என் லைப்ரரியில் மென்மையான சாம்பிளிலிருந்து அழுத்தமான சாம்பிளுக்கு மாற்றுவது சிசி 1 (சிசி என்பது மிடியில், அதாவது கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியில், 0 முதல் 127 வரை போகும் ஒரு கட்டுப்பாடு), அளவை மட்டும் மாற்றுவது சிசி 11. இரண்டையும் ஒன்றாக நகர்த்த வேண்டும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சிசி 1 60-லிருந்து 70 வரை இருக்கும்போது மென்மையான சாம்பிள், அழுத்தமான சாம்பிள் என்ற இரண்டு அடுக்கும் ஒன்றாகக் கேட்கும், இரண்டு பேர் சேர்ந்து ஊதுகிற மாதிரி. நீண்ட சுரத்தை அங்கே நிறுத்தி வைக்காதீர்கள், வேகமாகக் கடந்து போங்கள். உங்கள் லைப்ரரியில் அந்த இடம் வேறு எண்ணில் இருக்கும், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு வீலை மெதுவாக ஏற்றிப் பார்த்தால் காதுக்கே தெரியும்.

இந்த ஏற்ற இறக்க வளைவுகளைத் திரையில் மவுஸால் வரைந்து வரைந்து சலித்துப்போய், இரண்டு விருந்துக்கு வாசித்த காசில் யுஎஸ்பி பிரெத் கன்ட்ரோலர் (ஊதும் மூச்சை சிசி எண்ணாக மாற்றும் கருவி) வாங்கினேன். இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை, 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-லேயே மூச்சுக் கருவியைச் செருக ஓட்டை இருந்தது, மிடியில் சிசி 2 இதற்காகவே ஒதுக்கப்பட்டது. நான்கு வருடத்தில் நான் செலவழித்ததில் மிகவும் பயன்பட்டது இதுதான், இரண்டாவது லைப்ரரிக்குக் கொடுத்த பணத்தை முதலிலேயே இதில் போட்டிருக்க வேண்டும். ஊதினால் உடம்பே தானாக இடம் பார்த்து நிறுத்துகிறது, பன்னிரண்டு பார் ஓட்டமெல்லாம் நடக்கவே நடக்காது. வாங்கியதும் ரெஸ்பான்ஸ் கர்வை, அதாவது எவ்வளவு ஊதினால் எந்த எண் வரும் என்பதை, சரி செய்யுங்கள். சாதாரணமாக ஊதினால் 50-லிருந்து 95-க்குள் நிற்க வேண்டும், 127 என்பது பாட்டில் ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும். குழாயில் எச்சில் ஈரம் சேரும், நம் ஊர் புழுக்கத்தில் இரண்டு நாள் விட்டால் நாற்றம் எடுக்கும், ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவிக் காய வைக்க வேண்டும்.

அப்புறம் வைப்ரேட்டோ, சுருதியை லேசாக ஆட்டுவது. லைப்ரரியோடு வருகிற வைப்ரேட்டோ எல்லாச் சுரத்திலும் ஒரே மாதிரி ஆரம்பித்து ஒரே மாதிரி ஆடும். வைப்ரேட்டோ இல்லாத பேட்ச் (ஒலி அமைப்பு) இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு நீங்களே ஆட்டுங்கள். சாக்ஸ்காரர்கள் இதைத் தாடையால் செய்கிறார்கள். தாடையைத் தளர்த்தினால் சுருதி கீழே இறங்கும், பழைய பிடிக்கு வந்தால் மேலே வரும். அதனால் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டைச் சுரத்துக்குக் கீழே மட்டும் இறக்கி ஏற்றுகிறேன், செகண்டுக்கு ஐந்து தடவை போல. அதுவும் சுரம் பாதி தூரம் நேராக நின்ற பிறகு. கீழிருந்து சறுக்கி ஏறும் ஸ்கூப்பையும் நான் ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் போட்டேன், கேட்கச் சகிக்கவில்லை. இப்போது நான்கு பாருக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமான இடம். பிட்ச் பெண்டை மூன்று செமிடோனுக்கு (அரைச்சுரத்துக்கு) மேல் இழுத்தால், சுரத்தோடு சேர்த்து அந்தச் சாம்பிளின் குரலும் மாறிவிடும், கேசட் வேகம் கூடிக் குறைகிற மாதிரி. சின்ன அசைவுக்குப் பரவாயில்லை. தோடி மாதிரி ராகத்துக்குப் போனால் மாட்டிக்கொள்வோம். அதன் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஊசலாடும், அந்தத் தூரம் நான்கு செமிடோன். போன வருடம் ஒரு அம்மன் பாட்டுக்கு இதற்காக மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். கடைசியில் தூரத்தை லெகாட்டோவில் (சுரங்களை விடாமல் சேர்த்து வாசிப்பதில்) இரண்டு சுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முனையையும் பிட்ச் பெண்டால் வளைத்து, நடுவில் மூச்சளவைக் கொஞ்சம் தாழ்த்தி ஒட்டை மறைத்தேன். பெண்டு ரேஞ்சை (பிட்ச் பெண்ட் அதிகபட்சம் போகும் தூரத்தை) இரண்டு செமிடோனில் வைத்தால் கை நடுக்கம் தெரியாது.

மற்றவை சுருக்கமாக. மத்திய சி-யை சி4 என்று எண்ணினால் ஆல்டோ ஒலிப்பது டி ஃபிளாட் 3-லிருந்து ஏ ஃபிளாட் 5 வரை, டெனரின் அடி ஏ ஃபிளாட் 2. அதற்குக் கீழே எழுதினால் லைப்ரரி சத்தம் கொடுத்தாலும் காது நம்பாது. லெகாட்டோ வேண்டுமென்றால் சுரங்கள் 20 மில்லிசெகண்ட் போல ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். லெகாட்டோ சாம்பிள் தாமதமாகப் பேசும், என்னுடையதில் வரியின் முதல் சுரத்தைத் தவிர மற்றதையெல்லாம் 70 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளுகிறேன். சத்த வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரைக் கடுமையாகப் போட்டால் கஷ்டப்பட்டு ஊதிய ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகிவிடும்.

ஒரு வருத்தம் உண்டு. இரண்டாவது வருடத்தில் லைப்ரரிக்கு அப்டேட் வந்தது, போட்டேன். லெகாட்டோ நடந்துகொள்ளும் விதமே மாறிவிட்டது. பழைய புராஜெக்ட் 30-க்கு மேல், எதைத் திறந்தாலும் சுரங்கள் இடறின. எழுதிக் கேட்டேன், பழைய பதிப்பு இல்லை என்றார்கள். ஒரு குழு அதே வாரம் சுருதியை அரைக்கட்டை இறக்கிக் கேட்டிருந்தது, முழுதும் திரும்பச் செய்தேன். அதிலிருந்து வேலை முடிந்ததும் சாக்ஸை ஆடியோவாக ஏற்றி, மிடியோடு சேர்த்துத் தனியாக வைத்துவிடுகிறேன்.

சாம்பிளே இல்லாமல் கணக்கால் ஒலியை உண்டாக்கும் பிசிக்கல் மாடலிங் சாக்ஸையும் ஆறு மாதமாகப் பக்கத்தில் வைத்து வாசிக்கிறேன். வளைவு, கமகம், சத்தம் ஏறும்போது நிறம் மாறுவது எல்லாம் அதில் இயல்பாக வருகிறது, அடுக்கு மாறும் பள்ளம் இல்லை. தோடியை இனிமேல் அதில்தான் வைப்பேன். மெதுவான மெலடியில், அடிச்சுரத்தில் காற்றும் ஊதுவாயின் நாணல் பட்டையும் கலந்து வருகிற அந்தத் தடித்த குரலுக்கு மட்டும் என் காது இன்னும் சாம்பிளைத்தான் கேட்கிறது.

பல்லவிக்கு முன்னால் தனியாக, தாளமில்லாமல் வருகிற ஆலாபனைக்கு இரண்டுமே எனக்குப் போதவில்லை. அதற்கு மட்டும் ஈப்போவுக்கு பஸ் ஏறி, ஒரு சாக்ஸ்காரர் வீட்டில் அரை மணி நேரம் பதிந்துகொண்டு வருகிறேன். பாட்டுக்காரர்களிடம் அந்தச் செலவை முதலிலேயே சொல்லிவிடுவேன்.