கிணத்துத் தண்ணி மட்டம் அளக்குற டேப் மீட்டர்: ரெண்டு வருஷம் வச்சிருந்து எழுதுறேன்

தலைஞாயிறு பக்கம் எங்க ஊரு. 2018 நவம்பர்ல கஜா அடிச்சதுக்கு அப்புறம் தண்ணி கரிக்குது தண்ணி கரிக்குதுன்னு தெருவே சொல்லுச்சு, ஆனா புயலுக்கு முன்னாடி எவ்ளோ கரிச்சுதுன்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் ஒரு நம்பர் கிடையாது. அந்த வயித்தெரிச்சல் மனசுலயே கெடந்துச்சு, அதுக்குத்தான் இத வாங்குனேன். 50 மீட்டர் டேப்பு, சுத்துற ரீலு, நுனியில ஸ்டீல் புரோப்பு, உள்ள 9 வோல்ட் பேட்டரி. புரோப்பு தண்ணிய தொட்டதும் பீப் அடிச்சு லைட்டு எரியும், அப்ப குழாய் வாய்க்கு நேரா டேப்புல என்ன நம்பர் நிக்குதோ அதான் மட்டம். இந்த ஒரு வேலைய நல்லாவே செய்யுது, டேப்புல அச்சும் இன்னும் அழியல.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க கிணறு என்ன மாதிரின்னு பாத்துக்கங்க. நம்ம பக்கம் நெறைய பேருக்கு ஃபில்டர் பாயிண்ட்டுதான், அதாவது அடியில சல்லடைக் குழாய் வச்ச ஆழமில்லாத போரு, மோட்டார நேரா குழாய் தலையில பூட்டியிருக்கும், டேப்பு விட சந்தே இருக்காது. நானும் இத வாங்கிட்டு வந்த அப்புறம்தான் கவனிச்சேன், ஒரு மாசம் சும்மாவே கெடந்துச்சு, பின்னாடி கைபோர் போடுற ஆளுங்கள கூப்ட்டு கொல்லையில தனியா ரெண்டு இஞ்ச் பிவிசி குழாய் ஒன்னு எறக்குனேன், அளக்கறதுக்கு மட்டும். அந்தச் செலவையும் மீட்டர் விலையோட சேத்துக்கங்க. அளக்குறது காலையில, மோட்டார் போடறதுக்கு முன்னாடி. எறைச்சிட்டு இருக்கும்போதோ நிறுத்துன உடனேயோ அளந்தா மட்டம் கீழ காட்டும், அத வச்சி ஒன்னும் சொல்ல முடியாது.

உப்புத் தண்ணியில விட்டு எடுத்தா நல்ல தண்ணியில அலசிட்டுதான் சுத்தி வைக்கணும். அலசாம வச்சா நுனியில உப்பு படிஞ்சி அடுத்த தடவ தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடியே கத்தும். குழாய் செவுத்துல இருக்க ஈரம் பட்டும் கத்தும், ரீலு சைடுல உணர்திறனக் கூட்டிக் கொறைக்கிற திருகு இருக்கும், அதக் கொஞ்சம் கொறைச்சா சரியாகும்.

உப்பு எவ்ளோன்னு இது சொல்லாது, அதுக்கு தனியா ஈசி பேனா வேணும், ஈசின்னா தண்ணி எவ்ளோ மின்சாரத்தக் கடத்துதுங்கற அளவு, உப்பு கூடுனா அதுவும் கூடும். டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) காட்டுற பேனா எல்லாமே உள்ளுக்குள்ள ஈசியத்தான் அளந்து ஒரு கணக்கால பெருக்கிக் காட்டுது, அதனால ஈசிய நேரா காட்டுறதாவே வாங்குங்க, ஈசி 1413 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ.னு தெரிஞ்ச கரைசல் ஒரு பாட்டிலும் வாங்கி அப்பப்ப சரி பாத்துக்கங்க. மண்ணுச் சாறுல ஈசி 3 டெசிசீமன்ஸ்/மீட்டர், அதாவது 3000 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. தாண்டுனா நெல்லு மகசூல் எறங்க ஆரம்பிக்கும்.

இனிமே சொல்றதுதான் முக்கியம், இத எந்தக் கடையிலயும் சொல்லித்தர மாட்டாங்க. எங்க அத்தான் நெதர்லாந்துல உப்புக் கெணறுகள் இருக்க எடத்துல சர்வே வேலை பாக்குறார். நம்ம வேதாரண்யம் மாதிரி பாத்தி கட்டி காய வைக்கறது இல்ல அது. பூமிக்கு அடியில கெட்டியா கெடக்குற உப்புக்கு போர் போட்டு நல்ல தண்ணிய உள்ள விட்டு கரைச்சு மேல எடுப்பாங்க, கரைஞ்ச எடம் பெரிய குகையா நிக்கும். உள்ள சோனார்ங்கிற ஒலிக் கருவிய விட்டு குகையோட வடிவத்த பாப்பாங்க, சுத்தி கண்காணிப்புக் கெணறுல மட்டமும் உப்பும் பாப்பாங்க, மேல தரை எறங்குதான்னு லெவல் பாப்பாங்க. மட்டம் எழுதி வைக்கிற என் நோட்ட போன்ல காட்டுனேன், பாத்துட்டு அவர் கேட்டது ஒன்னே ஒன்னு. "மாப்ள, உன் குழாய் வாய் போன வருஷம் இருந்த ஒசரத்துலதான் இருக்குன்னு எப்படி சொல்ற?"

எனக்கு அப்பதான் ஒறைச்சுது. தரை எறங்குனா குழாயும் கூடவே எறங்கும், தண்ணி அதே ஒசரத்துல நின்னாலும் வாய்லேர்ந்து தூரம் கொறையும், நோட்டப் பாத்தா தண்ணி ஏறுன மாதிரி தெரியும், நாம சந்தோஷப்பட்டுட்டு இருப்போம். பிரேசில்ல மாசேயோ ஊருல இந்த மாதிரி உப்புக் கெணறுங்களாலதான் 2018 மார்ச்சுல நெலம் அதிர்ந்து வீடெல்லாம் விரிசல் விட்டு கிட்டத்தட்ட 60 ஆயிரம் பேர் வீட்ட விட்டுப் போனாங்க, 2023 டிசம்பர்ல ஏரிக்கு அடியில ஒரு குகையே இடிஞ்சுது. நம்ம டெல்டாவுல உப்புக் குகை இல்ல, ஆனா அடியிலேர்ந்து எண்ணெய் எடுக்குற கெணறு இருக்கு. 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதுசா தோண்டக் கூடாதுங்குது, முன்னாடியே இருந்தத அது தொடல. அதனால கணக்கு நம்ம கையில இருக்கணும்.

அத்தான் சொன்னபடி குழாய் வாயில ஒரு எடத்துல ரம்பத்தால கோடு கீறிட்டேன், எப்பவும் அங்கேர்ந்துதான் அளக்குறது. வருஷத்துக்கு ஒரு தடவ, தை அறுப்பு முடிஞ்சதும், கொத்தனார் தண்ணி டியூப்ப வச்சி கோயில் கருங்கல் படிக்கும் அந்தக் கோட்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பாத்து நோட்டுல எழுதுறேன். டியூப்புல காத்துக் குமிழி இல்லாம பாத்துக்கங்க, அது இருந்தா எல்லாம் தப்பு. கோயிலும் சேந்து எறங்குனா இதுல தெரியாது, அதுக்கு சாட்டிலைட் ரேடார்தான் வழி, அதுலயும் வயல்வெளியில சிக்னல் சரியா நிக்காது, கட்டடம் இருக்க எடத்துலதான் நல்லா வரும்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒன்னு கொறைச்சது புரோப்பு தலையில இருக்க ரப்பர் வாஷருக்காக, வாங்குன ரெண்டாவது வருஷ மழைக்காலத்துலயே அது வெடிச்சிருச்சு, வாங்குன கடையில தனியா தர மாட்டேங்குறாங்க, புரோப்பே புதுசா வாங்குங்கன்றாங்க. இப்போதைக்கு பம்புசெட் வாஷர் ஒன்ன வெட்டி மாட்டியிருக்கேன், ஒழுகல. சரியான சைஸ் கிடைக்கிற எடம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.