ஹோம்ஸின் அறை: பேக்கர் தெருவா, நார்தம்பர்லேண்ட் தெருவா?

கதைகளில் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸின் முகவரி, லண்டன் பேக்கர் தெரு 221பி. அவரது வரவேற்பறையைப் பார்க்க லண்டனில் இரண்டு இடங்கள் உண்டு. இரண்டுமே பிற்காலத்தில் ஜோடித்தவைதான். முதல் கதை வெளிவந்த 1887-இல் பேக்கர் தெருவின் வீட்டு எண்கள் 221 வரை போகவேயில்லை. பிறகு அப்பர் பேக்கர் தெருவையும் சேர்த்து எண்களை மாற்றியபோதுதான் 221 என்ற எண்ணே வந்தது. 1932-இல் எழுந்த, பின்னாளில் அபே நேஷனல் என்று பெயர் மாறிய வீட்டுக்கடன் நிறுவனத்தின் கட்டடம் 219 முதல் 229 வரை அடைத்துக்கொண்டது. ஹோம்ஸுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத அந்த நிறுவனம் ஒரு செயலரையே அமர்த்தியிருந்தது.

பேக்கர் தெருவில் 1990-இல் திறந்த ஷெர்லாக் ஹோம்ஸ் அருங்காட்சியகத்தின் கதவில் 221பி என்று இருக்கும். ஆனால் வீடு நிற்பது 237-க்கும் 241-க்கும் நடுவில். எண் பொய், வீடு நிஜம்: 1815-இல் கட்டியது. முதல் மாடிக்குப் பதினேழு படிகள், கதையில் ஹோம்ஸ் எண்ணிச் சொன்ன அதே கணக்கு. அறைக்குள்ளேயே நடக்கலாம். ஆனால் அறை சிறிது, படிக்கட்டு குறுகல். கூட்ட நேரத்தில் முன்னால் நிற்பவர் முதுகைத்தான் பார்ப்பீர்கள். காலையில் திறந்ததும் போய்விடுவது நல்லது. மேல்மாடி மெழுகுப் பொம்மைகளைத் தவிர்த்தாலும் நஷ்டமில்லை.

சேரிங் கிராஸ் பக்கம், நார்தம்பர்லேண்ட் தெருவில் உள்ள ஷெர்லாக் ஹோம்ஸ் பப்பில் கட்டணம் கிடையாது. அங்கிருப்பது 1951 பிரிட்டன் விழாவையொட்டி, அதே அபே நேஷனல் கட்டடத்தில் கண்காட்சிக்காக அமைத்த அறை. 1957-இல் இங்கே வந்தது. கதைகளை வரிவரியாகப் படித்தவர்கள் செய்த வேலை என்பது பார்த்ததுமே தெரியும். புகையிலை திணித்த பாரசீகச் செருப்பு, சுவரில் துப்பாக்கியால் சுட்டு எழுதிய ‘வி.ஆர்.’ (விக்டோரியா ராணியின் பெயரெழுத்துகள்), எதிரியை ஏமாற்ற வைத்த மெழுகுச் சிலை எல்லாம் அதனதன் இடத்தில். குறை, நடுவே கண்ணாடி. விளக்கொளி அதில் பட்டுத் திரும்புவதால் கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால்தான் படம் தேறும். அறை மாடியில், சாப்பாட்டுக்கூடத்தை ஒட்டி இருக்கிறது. கீழே பீர் குடித்துவிட்டுக் கிளம்புபவர்கள் அதைப் பார்ப்பதேயில்லை. பக்கத்து கிரேவன் சந்தில், ஹோம்ஸும் நண்பர் வாட்சனும் போனதாகக் கதை சொல்லும் துருக்கிக் குளியலகத்தின் பெண்கள் வாசல் முகப்பு இன்னும் நிற்கிறது.

ஒன்றுதான் முடியும் என்றால் பப்புக்கே போங்கள். படியேறும் ஆசை விடாது என்றால் மட்டும் பேக்கர் தெரு.

ஜோடனையே வேண்டாம் என்பவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் மைரிங்கனில் ரைக்கன்பாக் அருவி இருக்கிறது. கதைப்படி ஹோம்ஸும் அவரது பரம எதிரி மோரியார்ட்டியும் 1891 மே 4-இல் மோதிய இடம். மேலருவி மட்டும் நூறு மீட்டருக்கு மேல். அந்த இடத்தைக் காட்டப் பாறையில் ஒரு நட்சத்திரக் குறியும் உண்டு. 1899-இல் வந்த மலை ரயில் குளிர்காலத்தில் ஓடாது. பனி உருகி அருவி பெருகும் மே கடைசி, ஜூன் மாதங்களில் போங்கள்.