மின்சார மலைச் சைக்கிள்: பருத்த டயரா, வழக்கமான டயரா?

மின்சார மலைச் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் மோட்டாரின் திறனையும் பேட்டரியின் அளவையும் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால், வண்டியின் குணத்தை அவற்றைவிட அதிகமாகத் தீர்மானிப்பது டயரின் அகலமே. வழக்கமான மலைச் சைக்கிளின் டயர் சுமார் 2.2 முதல் 2.6 அங்குல அகலம் கொண்டது. பருத்த டயரோ 3.8 அங்குலத்தில் தொடங்கி ஏறத்தாழ 5 அங்குலம் வரை போகும்.

மணலிலும் பனியிலும் பருத்த டயருக்கு ஈடில்லை. காற்றழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ. அளவுக்கோ அதற்கும் கீழோ குறைத்துக்கொண்டால், டயர் தரையில் அகலமாகப் படிந்து எடையைப் பரப்பிவிடுகிறது. ஒல்லியான டயர் புதைந்து நிற்கும் இடத்தில் இது மேலாகவே உருண்டு போகும். மோட்டார் இல்லாத காலத்தில் இத்தகைய வண்டியை மிதிப்பது கடும் உழைப்பாக இருந்தது. அந்தச் சுமையை இப்போது மோட்டார் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சுமை மறைந்துவிடவில்லை, பேட்டரிக்கு இடம் மாறியிருக்கிறது. ஆகவே ஒரே அளவு பேட்டரி கொண்ட இரு வண்டிகளில், தார்ச்சாலையில் பருத்த டயர் வண்டியே முதலில் சார்ஜை இழக்கும். சாலைக்கு வந்ததும் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றினால் இந்த இழப்பு ஓரளவு குறையும்.

பாறையும் வேரும் நிறைந்த பாதைகளைப் பற்றித்தான் பலர் தவறாக நினைக்கிறார்கள். பருத்த டயர் இருந்தால் சஸ்பென்ஷன் தேவையில்லை என்ற பேச்சு, மெதுவாகச் செல்லும்போது எழும் சிறு அதிர்வுகளுக்கு மட்டுமே பொருந்தும். டயர் என்பது காற்று நிரம்பிய ஸ்பிரிங். வாங்கிய அடியில் பெரும்பகுதியை அது அப்படியே திருப்பித் தருகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் நல்ல சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் உள்ள எண்ணெய் அந்த ஆற்றலை வெப்பமாக்கி அடக்கிவிடுகிறது. வேகமான இறக்கத்தில் சஸ்பென்ஷன் இல்லாத பருத்த டயர் வண்டி துள்ளுவதும், குறைந்த அழுத்தத்தில் அதன் ஹேண்டில் வளைவுகளில் கனத்துப்போவதும் இதனோடு சேர்ந்து வரும் தொல்லைகள்.

எடையையும் குறைவாக மதிப்பிடக் கூடாது. பருத்த டயர் மின்வண்டிகள் பல 30 கிலோவை எட்டுகின்றன. வழக்கமான மின்சார மலைச் சைக்கிள் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோவுக்குள் அடங்கும். படிக்கட்டில் தூக்கும்போது இந்த வேறுபாடு உடனே தெரியும். பருத்த டயர் வண்டியில் பெடல்களுக்கு இடையிலான தூரம் கூடுவதால் சிலருக்கு முழங்கால் வலிக்கலாம். அகலமான டியூபும் டயரும் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

மோட்டார் அமைந்த இடத்தையும் பார்க்க வேண்டும். விலை குறைந்த பருத்த டயர் வண்டிகளில் மோட்டார் பெரும்பாலும் பின்சக்கரத்திலேயே இருக்கும். கியர்களின் உதவி அதற்குக் கிடைக்காததால், நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் சூடேறித் திணறும். பெடல் அச்சில் பொருத்திய நடு மோட்டார் கியர் வழியாக இயங்குவதால் அதே ஏற்றத்தை நிதானமாகக் கடக்கும்.

மணலோ பனியோ உங்கள் அன்றாடப் பாதையாக இருந்தால் பருத்த டயரைத் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்களுக்கு 2.6 அங்குல டயரும், தரமான சஸ்பென்ஷனும், நடு மோட்டாரும் கொண்ட வண்டியையே பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும், பணம் கொடுக்கும் முன் மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு சிறு ஏற்றத்தில் மிதித்துப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த நாளில் வீடு திரும்ப முடியுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.