உபுண்டு ஃபயர்வாலுக்கு லைசென்ஸ் காசுன்னு கேட்டா குடுத்துறாதீங்க, நான் குடுத்து ஏமாந்தேன்

தாலுகா ஆபீஸ் எதிர்ல சின்னதா ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். ரெண்டு சிஸ்டம், ஒரு பிரிண்டர். போன வருஷம் ஒரு சிஸ்டம்ல விண்டோஸ் ஓயாம ஹேங் ஆச்சுன்னு சர்வீஸ் ஆள் ஒருத்தரக் கூப்பிட்டேன், அவரு "அண்ணே உபுண்டு போட்டுருவோம், ஃப்ரீ"ன்னாரு (விண்டோஸுக்குப் பதிலா போடுற ஒரு லினக்ஸ்), விண்டோஸ் கேக்குற பேஜ்மேக்கர் இன்னொரு சிஸ்டம்ல தான் இருக்கு, அதனால நானும் சரின்னுட்டேன். உபுண்டு 24.04 வெர்ஷன் போட்டுக் குடுத்தாரு. அதுவரைக்கும் வேலை சுத்தம், குறை சொல்ல மாட்டேன்.

கிளம்புறப்ப தான் ஃபயர்வால்னு ஆரம்பிச்சாரு, அதாவது நெட்வொர்க் வழியா கண்டவங்க சிஸ்டத்துக்குள்ள வராம தடுக்குற வாட்ச்மேன் மாதிரி. "லினக்ஸுக்கு ஃபயர்வால் தனியா வாங்கணும்ணே, கஸ்டமர் ஆதார் எல்லாம் வச்சிருக்கீங்க, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க தலையில தான விடியும்". ஆதார்னதும் எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. 2,800 ரூபா. பில்லுல "ஃபயர்வால் லைசென்ஸ், 1 வருஷம்"னு போட்டு, கமாண்ட் அடிக்கிற டெர்மினலத் தொறந்து ஸ்டேட்டஸ் ஆக்டிவ்னு வர்றதயும் காட்டிட்டுப் போனாரு. நானும் நம்பிட்டேன்.

இந்த மாசம் ரினீவல்னு போன் வந்துச்சு. அன்னிக்கு அக்கா பொண்ணு கடையில இருந்தா, காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறா. "மாமா, ஃபயர்வாலுக்கா காசு குடுத்தீங்க? அது உபுண்டு கூடவே வர்றது"ன்னு சிரிச்சா. யுஎஃப்டபிள்யூன்னு பேராம், 2008ல வந்த உபுண்டு 8.04லேர்ந்தே உள்ளயே இருக்காம். ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க, நாம ஆன் பண்ணிக்கணும், 'சூடோ யுஎஃப்டபிள்யூ எனேபிள்'னு ஒரே ஒரு வரி (இங்கிலீஷ்ல தான் அடிக்கணும், நான் தமிழ்ல எழுதுறேன்). லைசென்ஸும் கெடையாது, வருஷாவருஷம் கட்டுறதும் கெடையாது.

சரி 2,800 போச்சுன்னு விட்டுருப்பேன். அவ அதோட விடல, 'சூடோ யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் வெர்போஸ்'னு அடிச்சா. அந்த கடைசி வார்த்தை தாங்க முக்கியம். வெறும் ஸ்டேட்டஸ்னு அடிச்சா ஆக்டிவ்னும், ரூல் ஏதாச்சும் போட்டிருந்தா அதையும் தான் காட்டும், வெர்போஸ் சேத்தா தான் டிஃபால்ட்னு ஒரு வரி வரும். அதுல இன்கமிங்குக்கு, அதாவது உள்ள வர்றதுக்கு, டினைன்னு (தடு) இருக்கணும். எனக்கு அலவ்னு (விடு) இருந்துச்சு. வாட்ச்மேன் நாற்காலியில உக்காந்திருக்காரு, ஆனா யாரு வந்தாலும் உள்ள போங்கன்னு சொல்றாரு, அந்தக் கதை.

ஏன் அப்படி வச்சாருன்னு அவளே சொன்னா. ரெண்டு சிஸ்டத்துக்கும் நடுவுல சாம்பான்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு ஃபோல்டர் ஷேர் போட்டிருந்தாரு. ஃபயர்வால ஆன் பண்ணா ஷேர் நின்னுருக்கும், அதுக்கு 445 மாதிரி தேவையான போர்ட்ட (நெட்வொர்க் உள்ள வர்ற கதவு நம்பர்) மட்டும் தொறக்கறதுக்கு சோம்பல்பட்டு எல்லாத்தையும் அலவ் பண்ணிட்டாரு.

இதுல என்ன ஆபத்துன்னு கேட்டதுக்கு எதுவும் சொல்லாம அவ போன எடுத்து கடை வைஃபைல போட்டா. பிரிண்டுக்கு பிடிஎஃப் அனுப்ப கஸ்டமருக்கு நாங்க குடுக்குற அதே வைஃபை, பாஸ்வேர்ட் செவுத்துல ஒட்டியிருக்கு. ஃபைல் மேனேஜர்ல ரெண்டு தட்டு, என் ஷேர் ஃபோல்டர் தொறந்துருச்சு. பாஸ்வேர்ட் கூட கேக்கல. யார் யாரு ஆதாரோ, பட்டாவோ, பத்திரமோ வரிசையா. எனக்கு கை காலெல்லாம் ஆடிப்போச்சு.

இன்னொண்ணு. அட்மின் உரிமை யாருக்கெல்லாம் இருக்குன்னு பாக்க 'கெட்என்ட் குரூப் சூடோ'ன்னு அடிச்சா, என் பேரு கூட "சப்போர்ட்"னு ஒரு யூசர், நான் உண்டாக்கவே இல்ல. 22 போர்ட்ல எஸ்எஸ்ஹெச் வேற ஓடுது, வேற எடத்துலேர்ந்து இந்த சிஸ்டத்துக்குள்ள லாகின் பண்ற வழி அது. நல்ல காலம் ரவுட்டர்ல போர்ட் ஃபார்வேர்டிங் (இன்டர்நெட்லேர்ந்து சிஸ்டத்துக்கு நேரா வழி விடுறது) எதுவும் இல்ல, அதனால வெளியிலேர்ந்து நேரா வந்திருக்க முடியாதுன்னா. வைஃபைல இருந்தவன் யாரு வேணா முயற்சி பண்ணியிருக்கலாம்.

அன்னிக்கே சரி பண்ணோம். 'சூடோ யுஎஃப்டபிள்யூ டிஃபால்ட் டினை இன்கமிங்' போட்டு, சாம்பாவ அந்த இன்னொரு சிஸ்டத்தோட ஐபிக்கு (நெட்வொர்க்ல அதோட அட்ரஸ்) மட்டும் அலவ் பண்ணா. நெட்ல பாத்தா மொத்த 192.168.1.0/24க்கும், அதாவது அந்த நெட்வொர்க்ல இருக்குற எல்லாத்துக்கும், தொறந்து விடுன்னு இருக்கும், வீட்டுக்கு அது சரி, கடைல செஞ்சா கஸ்டமர் போனும் அதுல தான வருது, அப்புறம் பூட்டி என்ன புண்ணியம். அந்த சிஸ்டத்துக்கு ஐபி மாறாத மாதிரி ரவுட்டர்ல வச்சு, கஸ்டமருக்கு கெஸ்ட் வைஃபை தனியா, ஷேருக்கு பாஸ்வேர்ட், சப்போர்ட் யூசர தூக்கியாச்சு, எஸ்எஸ்ஹெச்சும் தூக்கியாச்சு. ஒரு மணி நேரம் கூட ஆகல. டெர்மினல் பயமா இருந்தா ஜியுஎஃப்டபிள்யூன்னு ஒரு ஆப் இருக்கு, அதுவும் ஃப்ரீ தான், அதுல இன்கமிங்னு இருக்குற எடத்துல டினை வச்சா போதும்.

ஒரு விஷயம், டாக்கர் (சாஃப்ட்வேர்கள தனித்தனி டப்பாவா ஓட்டுற டூல்) போட்டிருக்கறவங்க அதுல தொறந்து விட்ட போர்ட்ட யுஎஃப்டபிள்யூ தடுக்காதாம், அவங்க தனியா பாத்துக்கணும்.

அந்த சர்வீஸ் ஆளுக்கு போன் போட்டேன். "அது பேசிக் பிளான்ணே, அட்வான்ஸ்டு எடுத்திருந்தா டினை வந்திருக்கும்"ன்றாரு. டினைக்கு பிளானா! பில்ல எடுத்துட்டு வர்றேன்னு சொன்னதும் கட் பண்ணிட்டாரு, அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. பக்கத்து தெரு ஸ்டுடியோக்காரருக்கும் அவரு தான் உபுண்டு போட்டது, நேத்து சாயங்காலம் போய் பாத்தோம், அங்கயும் இன்கமிங் அலவ், அங்கயும் சப்போர்ட்னு ஒரு யூசர், ஆனா லைசென்ஸ் மட்டும் 3,500.