திறக்க மறுக்கும் மூடி: புரோபோலிஸ் டிங்க்சரோடு மூன்று ஆண்டுகள்

வாய்ப்புண்ணுக்கு புரோபோலிஸ் டிங்க்சர், அதாவது சாராயத்தில் கரைத்த தேனீப் பிசின், வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். புட்டியைக் காட்டிவிட்டே பதில் சொல்லலாம் என்று எடுத்தேன். மூடி வரவில்லை. துணி சுற்றித் திருகினேன், வெந்நீரில் முக்கினேன். கடைசியில் மூடி மட்டும் வந்தது. டிராப்பரின் குழாய் புட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

மர மொட்டுகளில் கசியும் பிசினைத் தேனீக்கள் சேகரித்து மெழுகோடு குழைப்பதே கூட்டின் விரிசல்களை அடைக்கத்தான். ஒட்டுவதற்கென்றே உண்டான பொருள் ஒட்டுகிறது என்று புலம்புவது நியாயமில்லை. இருந்தாலும் வாஷ்பேசினில் முதல் மாதம் விழுந்த பழுப்புச் சொட்டு இன்றும் அப்படியே இருக்கிறது. சோப்புக்கு அது அசைவதில்லை. எரிசாராயத்துக்கு மட்டும் இளகும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இரண்டு சட்டைகள் போய்விட்டன.

இதைவிட எரிச்சலூட்டுவது அட்டைப்பெட்டியில் இருந்த குறிப்பு: அரை டம்ளர் தண்ணீரில் 10 சொட்டு கலந்து கொப்பளிக்கவும். ஆறு மாதம் அப்படியே செய்தேன், பலனே இல்லை. ஒருநாள் டம்ளரைத் தேய்க்கும்போதுதான் அதன் உட்சுவரில் மஞ்சள் வளையம் படிந்திருப்பதைப் பார்த்தேன். சாராயத்தில் கரைந்திருந்த பிசின், தண்ணீர் பட்டதும் பால்போலக் கலங்கிப் பிரிந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. பிசினில் உள்ள கலாஞ்சின், பினோசெம்பிரின் போன்ற ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சேர்மங்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. மருந்தில் பெரும்பங்கை டம்ளருக்குப் பூசிவிட்டு, கலங்கல் நீரில் நான் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து புண்ணைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, ஒரே ஒரு சொட்டை நேராக வைக்கிறேன். பத்து எண்ணுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். சாராயம் ஆவியானதும் புண்ணின்மேல் மெல்லிய படலம் ஒன்று இறுகிக்கொள்ளும். அதன்பிறகு பேசலாம், சாப்பிடலாம், நாக்கு பட்டாலும் சுருக்கென்று குத்தாது. இந்த நிம்மதியை வேறு எந்தக் களிம்பும் எனக்குத் தந்ததில்லை. சட்டையை நாசமாக்கிய அதே ஒட்டும் குணம்தான் இங்கே வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 'பாக்டீரியா எதிர்ப்பு' என்று போட்டிருக்கிறார்கள். பொய்யில்லை. ஆய்வகத் தட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களை இது நன்றாகவே அடக்குகிறது. வெளிச்சவ்வு கொண்ட ஈ. கோலை போன்றவற்றிடம் அவ்வளவு செல்லுபடியாவதில்லை. ஆனால் எனக்கு அடிக்கடி வரும் ஆஃப்தஸ் வகைப் புண் பாக்டீரியாத் தொற்றே அல்ல. அப்படியிருக்க, எனக்குக் கிடைத்த ஆறுதலில் பாதி அந்தப் படலத்தால் என்பேன். மீதி அழற்சியைத் தணிக்கும் சேர்மங்களால் இருக்கலாம்: காஃபீயிக் அமில ஃபினெத்தில் எஸ்டர், அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தைத் தடுக்கிறது என்று 1996-லேயே காட்டியிருக்கிறார்கள். அதுவும் செல் வளர்ப்பில்தான், என் உதட்டில் அல்ல.

இரண்டாவது புட்டியின் வாசனையே வேறாக இருந்தது. பாப்லர் மரத்தின் மொட்டுப் பிசினில் உள்ள சேர்மங்கள் வேறு. பிரேசிலின் பச்சை புரோபோலிஸில் முக்கியமான ஆர்ட்டிபில்லின்-சி என்ற சேர்மம் வேறு. புட்டியில் '30%' என்று மட்டும் இருக்கிறது. எந்த மரத்தின் 30%?

என் மனைவி ஒரே ஒருமுறை தடவினார். மறுநாள் உதடு வீங்கிவிட்டது. இதிலுள்ள காஃபியேட்டுகள் என்ற சேர்மங்கள் சிலருக்குத் தொடு ஒவ்வாமையை உண்டாக்கும். தேனீப் பொருள்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம்.

நண்பரிடம் வாங்காதீர்கள் என்றே சொன்னேன். மிச்சமிருக்கும் பாதிப் புட்டியைச் சும்மா தருகிறேன் என்றும் சொன்னேன். உள்ளே கிடக்கும் குழாயைப் பார்த்துவிட்டு அவரும் வேண்டாம் என்றார். குப்பையில் போடத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து நாக்கு நுனியில் ஏதோ உறுத்துகிறது.